கம்பி யாருடையது?

வெஸ்டர்ன் யூனியன் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளை அனுப்பிய பணம். கடைத்தெருவில் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு போர்டு. அடையாள அட்டையைக் காட்டி, பத்து இலக்க நம்பரைச் சொன்னால் நோட்டை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அதே கம்பெனி நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? எந்த ஊரில் எந்தப் பத்திரிகை பிழைக்கலாம், எது இழுத்து மூடிக்கொண்டு போகவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது. அதனிடம் போலீஸ் கிடையாது. சென்சார் அதிகாரி கிடையாது. ஒரு பத்திரிகை ஆசிரியரைக்கூட அது ஜெயிலில் போட்டதில்லை. கையில் இருந்தது ஒரு கட்டண அட்டை. அது போதுமானதாக இருந்தது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

லிபர்டேரியன் என்று ஒரு சித்தாந்தம் உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெயரிலேயே 1971 முதல் ஒரு கட்சியும் இருக்கிறது. அவர்கள் சொல்வது எளிமையானது. அரசாங்கத்தின் வேலை போலீஸ், கோர்ட், ராணுவம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றதையெல்லாம் மக்கள் தங்களுக்குள் பேசி, வாங்கி, விற்று, ஒப்பந்தம் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

பேச்சுரிமை விஷயத்திலும் இதே கணக்குதான். 'உன் வாயை அடைக்க அரசாங்கத்தால்தான் முடியும், ஏனென்றால் ஜெயில் சாவி அதனிடம்தான் இருக்கிறது. ஒரு தனியார் முதலாளி அதிகபட்சம் என்ன செய்துவிடுவான்? என் கடையில் உனக்கு இடமில்லை என்பான். போகட்டுமே, பக்கத்துக் கடைக்குப் போ.'

நல்ல வாதம். சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் கிடையாது. சரித்திரத்தில் எழுத்தாளர்களை நாடு கடத்தியவர்கள், புத்தகங்களைக் கொளுத்தியவர்கள், அச்சகத்துக்குச் சீல் வைத்தவர்கள் பட்டியலை எடுத்தால் பெரும்பாலும் ராஜாக்களும் மந்திரிகளும்தான் இருப்பார்கள். மளிகைக் கடைக்காரர் யாரும் இருக்கமாட்டார்.

ஆனால் ஒரே ஒரு சந்தேகம். பக்கத்துக் கடை என்று ஒன்று இல்லவே இல்லாவிட்டால்?

இதைக் கற்பனையாக விவாதிக்க வேண்டியதில்லை. நடந்து பார்த்த தேசம் ஒன்று இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதி அமெரிக்கா. அது நூற்றுக்கு நூறு லிபர்டேரியன் தேசம் என்று சொல்லமாட்டேன். இறக்குமதி வரி இருந்தது. ரயில்வே கம்பெனிகளுக்கு அரசாங்கம் நிலத்தை வாரிக் கொடுத்தது. 'ஆபாச'ப் புத்தகங்களைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று 1873-ல் ஒரு சட்டமும் வந்தது. ஆனாலும் தந்தித் தொழில் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அதே சமயம் அந்த நாட்டின் அரசியல் சாசனத்தில், 1791 முதலே, பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் பறிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். காங்கிரஸ் என்றால் அவர்களுடைய பார்லிமெண்ட்.

ஆக, சோதனைச்சாலை தயார். என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

1844 மே மாதம் சாமுவேல் மோர்ஸ், வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு முதல் தந்தியைத் தட்டினார். அந்தக் கம்பியை இழுக்க 30,000 டாலர் கொடுத்தது அமெரிக்க அரசாங்கம். அந்தப் பணத்துக்கான மசோதா 1843-ல் விவாதத்துக்கு வந்தபோது கேவ் ஜான்சன் என்று ஓர் உறுப்பினர் கேலி செய்தார். தந்திக்குப் பணம் கொடுப்பதென்றால் அதில் பாதியை மெஸ்மரிச ஆராய்ச்சிக்கும் கொடுக்கலாமே என்றார். சபையில் நல்ல சிரிப்பு.

காலம் எப்படி விளையாடுகிறது பாருங்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் அதே ஜான்சன் போஸ்ட் மாஸ்டர் ஜெனரல் ஆகிவிட்டார். தந்தி அவருடைய இலாகாவின் கீழ் வந்தது. கம்பியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இவ்வளவு சக்தி வாய்ந்த ஒரு கருவியைச் சட்டக் கட்டுப்பாடு இல்லாமல் தனியார் கையில் விடுவது மக்களுக்கு ஆபத்து என்று 1845-ல் அறிக்கை எழுதினார். மோர்ஸும் தன் உரிமையை அரசாங்கத்துக்கே விற்கத் தயாராக இருந்தார்.

காங்கிரஸ் வாங்கவில்லை. நஷ்டம் வரும் தொழில், நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள். கம்பி தனியாருக்குப் போனது.

ஆரம்பத்தில் எல்லாம் அமோகம். ஊருக்கு ஊர் ஒரு தந்திக் கம்பெனி. ஒரே ஊருக்கு மூன்று கம்பி. லிபர்டேரியன் நண்பர்கள் விரும்பும் போட்டிச் சந்தை கச்சிதமாக இருந்தது. பிறகு என்ன ஆனது என்பதைப் புரிந்துகொள்ள பி.காம். முதல் வருஷப் பாடம் போதும்.

தந்தித் தொழிலில் செலவெல்லாம் கம்பத்திலும் கம்பியிலும் முன்கூட்டியே முடங்கிவிடும். அதன்பிறகு ஒரு தந்தி அனுப்பினாலும் ஆயிரம் தந்தி அனுப்பினாலும் கூடுதல் செலவு அதிகமில்லை. எனவே எவனிடம் அதிக வாடிக்கையாளரோ அவன் விலையைக் குறைத்து மற்றவனை விழுங்கிவிடலாம். போதாதற்கு, நூறு ஊருக்குப் போகும் கம்பி பத்து ஊருக்குப் போகும் கம்பியைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரயோஜனம். ஜனங்கள் பெரிய கம்பெனியைத்தான் தேடிப் போவார்கள். இன்னொன்று, கம்பம் நடுவதற்கு ரயில் பாதையோரம்தான் தோதான இடம். ரயில்வேயோடு 'வேறு யாரையும் விடக்கூடாது' என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

வெஸ்டர்ன் யூனியன் இந்த மூன்றையும் செய்தது. 1856-ல் அந்தப் பெயர் சூட்டிக்கொண்ட கம்பெனி, 1861-ல் கலிஃபோர்னியா வரை கம்பியை இழுத்துச் சேர்த்தது. குதிரையில் தபால் கொண்டுபோன புகழ்பெற்ற போனி எக்ஸ்பிரஸ் அத்தோடு காலி. 1866-ல் தன்னுடைய இரண்டு பெரிய போட்டியாளர்களையும் விழுங்கி ஏப்பம் விட்டது. கடற்கரை முதல் கடற்கரை வரை ஒரே முதலாளி.

சரி, தந்தி ஏகபோகம்தானே, பேச்சுரிமைக்கு இதில் என்ன என்கிறீர்களா? இங்கேதான் இரண்டாவது ஆள் மேடைக்கு வருகிறார்.

1840-களில் நியூயார்க்கின் சில நாளிதழ்கள் கூட்டுச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஆளுக்கொரு நிருபர் போட்டு, ஆளுக்கொரு தந்திச் செலவு செய்வானேன்? பொதுவில் ஒரே செய்தி, செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். அசோஸியேட்டட் பிரஸ், சுருக்கமாக ஏபி, பிறந்தது இப்படித்தான். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. சிக்கனம்.

ஆனால் நாட்டில் ஒரே தந்திக் கம்பெனியும் ஒரே பெரிய செய்திக் கூட்டமைப்பும் இருந்தால் இருவரும் என்ன செய்வார்கள்? கைகுலுக்குவார்கள். கைகுலுக்கினார்கள். வெஸ்டர்ன் யூனியன் செய்தி சேகரிக்கும் தொழிலில் இறங்காது. ஏபி வேறு தந்திக் கம்பெனியிடம் போகாது. பதிலுக்கு ஏபிக்குச் சகாய விலை. இதில் கவனிக்கவேண்டிய ஷரத்து இன்னொன்று. போட்டித் தந்திக் கம்பெனி எதையும் ஏபியின் பத்திரிகைகள் ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ கூடாது. அதாவது, நாட்டின் மிகப்பெரிய ஏகபோகத்தைப் பற்றி நாட்டின் மிகப்பெரிய பத்திரிகைக் கூட்டம் வாயைத் திறக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் மனமுவந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் நிழல்கூட அதில் விழவில்லை.

இந்தச் சுவரில் போய் மோதிக்கொண்ட ஒரு மனிதரைச் சொல்கிறேன். பெயர் ஹென்றி ஜார்ஜ். வயது 29. சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகைக்காரர். கையில் காசில்லை. அந்த ஊரில் ஹெரால்டு என்று ஒரு பத்திரிகை தலையெடுக்கப் பார்த்தது. கலிஃபோர்னியாவின் பழைய பத்திரிகைகள் ஏபிக்குள் உட்கார்ந்துகொண்டு புதியவர்களை உள்ளே விடவில்லை. கிழக்குக் கரைச் செய்தி இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு நாளிதழ் நடத்துவது, அரிசி இல்லாமல் ஹோட்டல் நடத்துவது மாதிரி. எனவே ஜார்ஜைக் கண்டத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். 1868 குளிர்காலம். ரயில் பாதைகூட முழுசாக இணையவில்லை. போய்ச் சேர்ந்தார்.

ஏபியிடம் கேட்டார். முடியாது என்றார்கள்.

சரி, பக்கத்துக் கடைக்குப் போ என்பதுதானே சித்தாந்தம்? ஜார்ஜ் பக்கத்துக் கடையையே சொந்தமாகத் திறந்தார். பிறந்த ஊரான பிலடெல்பியாவில் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, தானே செய்தி திரட்டி, வெஸ்டர்ன் யூனியனில் முறைப்படி ஒப்பந்தம் போட்டுக் காசு கட்டித் தந்தி அனுப்பினார். நன்றாகவே நடந்தது. கலிஃபோர்னியாவின் பழைய பெருச்சாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் ஒருநாள் வெஸ்டர்ன் யூனியன் கட்டண அட்டையை மாற்றியது. ஏபிக்குக் குறைந்தது. ஹெரால்டுக்கு ஏறியது. கட்டி மாளாத அளவுக்கு ஏறியது. ஜார்ஜ் கம்பெனி அதிகாரிகளிடம் நேரில் போய்ச் சண்டை போட்டார். கண்டனக் கடிதம் அச்சடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். எந்தப் பத்திரிகை போடும்? பெரும்பாலானவை ஏபிக்குள் இருக்கின்றன. ஹெரால்டு சீக்கிரமே மூச்சை விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு பத்திரிகை செத்துப்போனது. கொன்றது யார்? தடை ஆணை இல்லை. கைது இல்லை. நீதிபதி இல்லை. அரசாங்கம் ஒரு பத்திரிகையைத் தடை செய்தால், ஆணை என்று ஒரு காகிதமாவது இருக்கும். அதில் ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடலாம், சட்டசபையில் கேள்வி கேட்கலாம், அடுத்த தேர்தலில் அந்த மந்திரியைத் தோற்கடிக்கலாம். கட்டண அட்டையை எதிர்த்து எங்கே ஓடுவது? 'வியாபாரம் சார், விலை ஏறிப்போச்சு' என்றால் என்ன பதில் சொல்வது? தனியார் ஏகபோகம் வாயை அடைக்கும்போது அடைத்த தடயமே இருக்காது. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பயம் இதுதான்.

ஹென்றி ஜார்ஜ் என்ன ஆனார்? அந்தப் பயணத்தில் நியூயார்க்கின் மாளிகையையும் சேரியையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்த அதிர்ச்சி அவரை விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1879-ல், 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற புத்தகம் வந்தது. உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது. டால்ஸ்டாய் அவருடைய பரம ரசிகரானார். ஏகபோகத்தை அவர் கடைசிவரை வெறுத்ததற்குக் காரணம் புத்தகத்தில் படித்தது மட்டுமில்லை, பட்டது.

பத்திரிகைகளோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பி தேர்தலுக்குள்ளும் நுழைந்தது.

1876 ஜனாதிபதித் தேர்தல். குடியரசுக் கட்சிக்கு ஹேய்ஸ், ஜனநாயகக் கட்சிக்கு டில்டன். மக்கள் ஓட்டில் டில்டன் சுமார் இரண்டரை லட்சம் முன்னால். ஆனால் சில மாநிலங்களில் தகராறு. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 185-க்கு 184, ஒரே ஒரு தேர்வாளர் ஓட்டு வித்தியாசத்தில் ஹேய்ஸ் ஜெயித்தார். இந்தச் சமயத்தில் ஏபியின் மேற்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் ஹென்றி ஸ்மித். ஹேய்ஸின் நெடுநாள் நண்பர். ஹேய்ஸுக்குக் கட்சி டிக்கெட் கிடைப்பதற்கே பின்னாலிருந்து உழைத்தவர். டில்டன் தரப்பின் தந்திகள் எதிர்முகாமுக்குக் கசிந்தன என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. ஹேய்ஸ் பதவிக்கு வந்ததும் ஸ்மித்துக்குச் சிகாகோ சுங்க இலாகாவின் கலெக்டர் பதவி கிடைத்தது.

1878-ல் இன்னொரு கூத்து. நாடாளுமன்ற விசாரணைக்காக வெஸ்டர்ன் யூனியன் ஒப்படைத்த தந்திகளில் ஒரு கட்டு எப்படியோ நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்குப் போனது. சங்கேத மொழியில் இருந்த அவற்றை உடைத்துப் படித்து வெளியிட்டார்கள். டில்டன் ஆட்கள் ஓட்டை விலைக்கு வாங்கப் பேரம் பேசியது அம்பலம். அசிங்கம்தான். ஆனால் வெளியே வந்த தந்திகள் ஒரு கட்சியினுடையவையாக மட்டும் இருந்ததை ஊர் கவனிக்காமல் இல்லை.

1881-ல் வெஸ்டர்ன் யூனியன் ஜே கூல்ட் கைக்குப் போனது. வால் ஸ்ட்ரீட்டிலேயே அதிகம் வெறுக்கப்பட்ட மனிதர். அப்போது நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையும் அவருடையதுதான். 1883-ல் அதை ஜோசஃப் புலிட்சருக்கு விற்றார். 1884 தேர்தலில் பிளெய்னுக்கும் கிளீவ்லாந்துக்கும் போட்டி. தேர்தலுக்குச் சில நாள் முன்னால் பிளெய்னுக்குப் பணக்காரர்கள் கொடுத்த பெரிய விருந்தில் கூல்டும் உட்கார்ந்திருந்தார். தேர்தல் முடிவு நியூயார்க் மாநிலத்தில் போய் மாட்டிக்கொண்டது. எண்ணிக்கைத் தகவல் கம்பியில் மெதுவாக வந்தது. ஏபி, பிளெய்ன் முன்னணி என்றது.

ஜனங்கள் பொறுக்கவில்லை. வெஸ்டர்ன் யூனியன் கட்டடத்தின் முன்னால் பெருங்கூட்டம். ஜே கூல்டைத் தூக்கில் போடு என்று கோஷம். கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் கிளீவ்லாந்து ஜெயித்தார். கூல்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார், சொந்தக் கம்பியில். அவர் முடிவை மாற்ற முயன்றதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் தேர்தல் முடிவு ஒரு தனி மனிதரின் கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்றால், அவர் யோக்கியராக இருந்தாலும் ஊர் நம்பாது.

லிபர்டேரியன் நண்பர் இப்போது மூன்று பதில் சொல்வார். மூன்றையும் நியாயமாகக் கேட்போம்.

முதலாவது: இது சுத்தமான தனியார் சந்தையே இல்லை, கலிஃபோர்னியா கம்பிக்கு அரசாங்க மானியம் உண்டு. வாஸ்தவம். 1860-ல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். ஆனால் ஹெரால்டைக் கொன்றது மானியம் கிடையாது. ஏபியும் வெஸ்டர்ன் யூனியனும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

இரண்டாவது: எந்த ஏகபோகமும் நிலைக்காது, புதிய கண்டுபிடிப்பு வந்து அடித்துவிடும். இதிலும் உண்மை உண்டு. தந்தியை அஞ்சலகத்தோடு சேர்க்கவேண்டும் என்று வருஷக்கணக்கில் காங்கிரஸில் மன்றாடித் தோற்றவர் கார்டினர் ஹப்பர்டு. அவர்தான் பிறகு டெலிபோனுக்குப் பணம் போட்டார். கண்டுபிடித்த கிரஹாம் பெல் அவருக்கு மாப்பிள்ளை. ஆனால் எத்தனை வருஷம் காத்திருப்பது? தந்திக் கம்பெனிகள் எல்லோருக்கும் பொதுவாகச் சேவை செய்தாக வேண்டும் என்ற மத்திய சட்டம் 1910-ல்தான் வந்தது. 1866-லிருந்து 44 வருஷம். ஒரு மனுஷனின் முழு உழைப்புக் காலம். வெஸ்டர்ன் யூனியனோடு ஓரளவு தாக்குப்பிடித்த போஸ்டல் டெலிகிராஃப் கம்பெனியும் 1943-ல் அதற்குள்ளேயே ஐக்கியமாகிவிட்டது.

மூன்றாவது பதில்தான் கனமானது. ஏபி காசு போட்டுச் சேகரித்த செய்தி ஏபியின் சொத்து. என் சொத்தை என் போட்டியாளனுக்குக் கொடு என்று அரசாங்கம் உத்தரவு போடுவதுதானே அராஜகம்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனது. வழியில் ஒரு வேடிக்கை. 1900-ல் இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம், ஏபி செய்வது பொதுநலன் சம்பந்தப்பட்ட தொழில், பாரபட்சம் காட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஏபி என்ன செய்தது? இல்லினாயில் கடையைக் கட்டிவிட்டு, நியூயார்க்கில் மனமகிழ் மன்றங்கள் பதிவு செய்துகொள்ளும் சட்டத்தின் கீழ் புதிதாகப் பிறந்தது. கிளப் என்றால் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், சேர்க்காமல் விடலாம் இல்லையா?

1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு, சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு என்ற கோடீஸ்வரர் சன் என்ற நாளிதழைத் தொடங்கினார். அதே ஊரில் கர்னல் மெக்கார்மிக்கின் டிரிப்யூன் ஏபியில் இருந்தது. ஏபி விதிப்படி, உள்ளூர் உறுப்பினர் ஆட்சேபித்தால் புதியவர் லட்சக்கணக்கான டாலர் கட்டவேண்டும், அதற்குமேல் மற்ற உறுப்பினர்களின் பெரும்பான்மை ஓட்டும் வேண்டும். அப்போது ஏபியில் 1,200-க்கும் மேற்பட்ட பத்திரிகைகள். சன் விண்ணப்பித்தது. கதவு திறக்கவில்லை.

1942-ல் அமெரிக்க அரசாங்கம் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. அரசாங்கத்தின் நோக்கம் பசும்பால் என்று நினைக்காதீர்கள். மெக்கார்மிக், ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஜென்ம விரோதி. ஃபீல்டு, ரூஸ்வெல்டின் ஆதரவாளர். ஏபி தரப்பு, ஐயோ பத்திரிகைச் சுதந்திரம் போச்சே என்று அலறியது. அந்த அலறலில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

1945 ஜூனில் தீர்ப்பு. ஐந்துக்கு மூன்று. எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். பேச்சுரிமை விஷயத்தில் அரசாங்கத்துக்கு அங்குலம்கூட இடம் கொடுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் சொன்னதன் சாரம் இது: வெளியிடும் சுதந்திரத்துக்குத்தான் அரசியல் சாசனம் பாதுகாப்புத் தருகிறது, கூட்டுச் சேர்ந்துகொண்டு அடுத்தவனை வெளியிட விடாமல் தடுக்கும் சுதந்திரத்துக்கு இல்லை. அரசாங்கத்தைத் தடுத்து வைத்திருப்பதே சுதந்திரத்துக்காக என்னும்போது, அதே சுதந்திரத்தைத் தனியார் நசுக்கினால் கைகட்டி நிற்கவேண்டும் என்று அர்த்தமாகாது. எதிர்த்து எழுதிய நீதிபதி ராபர்ட்ஸ், இது பத்திரிகைகளை அரசாங்கம் கட்டுப்படுத்துவதற்கு முதல்படி ஆகிவிடலாம் என்று எச்சரித்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஆறே மாதத்தில் அதே பிளாக் இன்னொரு தீர்ப்பு எழுதினார். இந்த முறை கம்பி இல்லை, தெரு.

அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்று ஓர் ஊர். வீடு, ரோடு, சாக்கடை, கடைவீதி எல்லாமே கல்ஃப் ஷிப்பில்டிங் என்ற கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். போலீஸ்காரருக்குச் சம்பளமும் கம்பெனிதான். போஸ்ட் ஆபீஸ் அருகே நடைபாதையில் யெகோவா சாட்சி அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி மதப் பிரசுரம் விநியோகித்தார். இது தனியார் சொத்து, போகச் சொன்னார்கள். போகவில்லை. அத்துமீறல் என்று கைது.

சட்டப்படி கம்பெனி சொன்னது சரி. தெரு அவர்களுடையதுதான். ஆனால் பிளாக் கேட்டார்: ஊரில் உள்ள எல்லாத் தெருவும் ஒருவனுடையது என்றால், அந்த ஊர் ஜனங்களின் பேச்சுரிமை அவனுடைய தயவில்தான் இருக்கவேண்டுமா? 1946 ஜனவரியில் அந்தப் பெண்மணி விடுதலையானார். பிற்பாடு, 1970-களில், ஷாப்பிங் மால்களுக்கு இது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் எல்லையைச் சுருக்கிக்கொண்டது. சுருக்கியதற்குக் காரணமும் இருக்கிறது. மால் பிடிக்காவிட்டால் வெளியே தெரு இருக்கிறது. சிக்கசாவில் இல்லை.

அப்படியானால் கம்பியையும் தெருவையும் அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நம் நாட்டுக் கதை ஒன்று.

ராய்ட்டர் உள்ளிட்ட ஐரோப்பியச் செய்தி நிறுவனங்கள் 1870-ல் உலகத்தையே பாகப்பிரிவினை செய்துகொண்டன. இந்தியா ராய்ட்டர் பங்கில் விழுந்தது. பல காலம் நம் பத்திரிகைகள் ராய்ட்டர் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தன. சுதந்திரம் வந்த அதே ஆகஸ்டில், 1947-ல், பத்திரிகைகள் சேர்ந்து பிடிஐ என்ற நிறுவனத்தைப் பதிவு செய்தன. பதிவான ஊர் நம் சென்னைதான். தனியார் ஏகபோகத்திலிருந்து ஒருவழியாக விடுதலை. ஆனால் எமர்ஜென்ஸி வந்தது. 1976-ல் பிடிஐ உட்பட நான்கு செய்தி நிறுவனங்களையும் ஒன்றாகக் கட்டி 'சமாச்சார்' என்று ஒரே நிறுவனம் ஆக்கினார்கள். கம்பி ஒன்று, எஜமானர் ஒருவர், செய்தியும் ஒன்று. 1978-ல்தான் பழையபடி பிரிந்தார்கள். கூல்ட் கையில் கம்பி இருப்பதற்கு மாற்று, கூல்டைவிடப் பெரிய ஆள் கையில் அதைக் கொடுப்பது கிடையாது.

அமெரிக்கர்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கம்பி உன்னுடையதாகவே இருக்கட்டும். லாபம் சம்பாதி. ஆனால் காசு கொடுப்பவன் யாராக இருந்தாலும் ஒரே கட்டணத்தில் ஏற்றிக்கொள், அவன் என்ன பேசுகிறான் என்று பார்க்காதே. நம் ஊர் டவுன் பஸ் கதைதான். சட்டைப்பையில் எந்தக் கட்சித் தலைவர் படம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு இந்த விதி கிடையாது. எதைப் போடுவது, எதைக் கிழிப்பது என்பது அவர் உரிமை. வழி வேறு, வழியில் போகும் வண்டி வேறு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இன்றைக்கு எது வழி, எது வண்டி என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. 2021 ஜனவரியில் டிரம்பின் கணக்கை ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் முடக்கின. அவருடைய ஆதரவாளர்கள் போய் ஒதுங்கிய பார்லர் என்ற தளத்தை ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடையிலிருந்து எடுத்தன. அமேசான் தன் கம்ப்யூட்டர்களிலிருந்தே இறக்கிவிட்டது. பக்கத்துக் கடைக்குப் போனவனுக்கு, அந்தக் கடை இருந்த கட்டடமே இல்லை. அன்றைக்கு ஒரு தரப்பு, தனியார் கம்பெனி, அவர்கள் இஷ்டம் என்றது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 44 பில்லியன் டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். டிசம்பரில் சில பத்திரிகையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. இப்போது வசனங்கள் இடம் மாறின. முன்பு கத்தியவர்கள் ரசித்தார்கள், முன்பு ரசித்தவர்கள் கத்தினார்கள்.

2024-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், இம்மாதிரி தளங்கள் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பது பத்திரிகை ஆசிரியரின் வேலையைப் போன்றது, அதற்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்ற திசையில் பேசிவிட்டு, வழக்குகளைக் கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. ஒரு தளத்துக்கு அது பொருந்தலாம். ஆப் விற்கும் கடைக்கும், இணையத்தைத் தாங்கும் கம்ப்யூட்டர்களுக்கும், கடலுக்கடியில் ஓடும் கேபிளுக்கும் பொருந்துமா? அவையெல்லாம் ஆசிரியர்களா, கம்பிகளா?

நீங்கள் எந்தக் கட்சியோ, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த தடவை உங்களுக்குப் பிடிக்காத ஒருவனின் வாயை ஒரு கம்பெனி அடைக்கும்போது, 'அவங்க கடை, அவங்க இஷ்டம்' என்று யாராவது சொன்னால், கைதட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கடை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். ஹென்றி ஜார்ஜ் கண்டம் தாண்டிப் போய் விசாரித்தார். இல்லை என்றுதான் பதில் கிடைத்தது.